பாதிரி உருளை

எனக்குக் கோபம் வந்தால் லேசில் போகாது. என் கல்யாணத்தின்போது என்னைப் பெற்றவளே இதை என் வீட்டுக்காரரிடம் சொல்லித்தான் அனுப்பினாள். அவர் சிரித்துக்கொண்டார். அவருக்குக் கோபம் வராது. வந்தாலும் வெற்றிலை மென்று துப்புவதற்குள் போய்விடும். அதனால் வீட்டில் இரண்டு பேருடைய கோபத்தையும் நானே வைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

இராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு நெசவாளர் தெருவில் நாங்கள் ஒற்றைத் தறியோடு குடித்தனம் நடத்தினோம். தெருவில் தறி இல்லாத வீடு கிடையாது. எல்லோருக்கும் நூல் கொடுப்பவரும் நெய்த துணியை எடுத்துக்கொள்பவரும் ஒருவர்தான். பெரிய வீட்டுக்காரர் என்றுதான் அவரைச் சொல்வார்கள். என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா முறை, எனக்கு மாமா. அவர் செருமினால்கூடத் தெருவில் தறிச்சத்தம் ஒரு நிமிஷம் நிற்கும்.

இரண்டாவது உலகச் சண்டைக்கு முந்தைய வருஷங்களில், ஒரு பனிக்காலத்தில், ஊருக்கு வெளியே இருந்த மிஷன் பங்களாவுக்குச் சீமையிலிருந்து மூன்று பேர் வந்து இறங்கினார்கள். ஒரு துரை, அவருடைய மனைவி, கூடவே வயதான ஒரு துரைசானி. துரை பாதிரி அல்ல. தன் நாட்டில் துணி ஆலை வைத்திருந்தவர், மாதாகோயிலுக்கு வேண்டியவர். ஆனால் வெள்ளைத் தோலும் கையில் வேதபுத்தகமும் இருந்தால் எங்கள் தெருவுக்கு அவர் பாதிரிதான். யாரையும் மதம் மாற்ற வரவில்லை, இங்குள்ள கைத்தொழில்களைத் தூக்கிவிடத்தான் வந்தோம் என்று மிஷனிலிருந்து கூட வந்த உபதேசியாரை வைத்துத் தமிழில் சொல்லவைத்தார்கள். கயிறு திரிப்பவர்களையும் கூடை முடைபவர்களையும் பார்த்துவிட்டு எங்கள் தெருவுக்கு வந்தார்கள். நூலை அவர்களே தருவார்களாம். மேஜை விரிப்பு நெய்து கொடுத்தால் கப்பலேற்றித் தங்கள் ஊர்க் கோயில்களில் விற்றுவிட்டு, மேலும் நூல் அனுப்புவார்களாம்.

தெருவில் முதலில் தலையாட்டியவர் என் வீட்டுக்காரர். துரைசானி காட்டிய விரிப்பின் கட்டம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. அந்தத் துணியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு வேறு கணக்கு. பெரிய வீட்டுக்காரர் கையை எதிர்பார்க்காமல் ஒரு வாய்ச் சோறு சாப்பிட்டால் போதும் என்று நினைத்தேன்.

அன்று பொழுதிறங்குவதற்குள் பெரிய வீட்டுக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

“பாதிரி நூலு ஊட்டுக்குள்ள வந்தாத் தீட்டு. அந்தப் பாவுக்கு இந்தத் தெருவுல கையில்ல. பாத்துக்க.”

இதன் அர்த்தம் நெசவுத் தெருவில் வாழ்ந்தவர்களுக்கு உடனே தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நீளவாட்டு நூலைப் பாவாகத் தெரு நெடுகக் கவைக்கம்புகளின்மேல் விரித்துக் கட்டிக் கஞ்சி தோய்ப்போம். கஞ்சி காய்வதற்குள் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, நார்த்தூரிகையால் இழுத்து இழுத்து, இழையை இழையோடு ஒட்டவிடாமல் பிரிக்க வேண்டும். ஒரு குடும்பத்தால் முடிகிற வேலையல்ல. அதனால் யார் பாவு தெருவுக்கு வந்தாலும், கூப்பிடாமலே எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்து கை கொடுக்கும். கூலி கிடையாது, ஒரு செம்பு கம்மங்கூழோடு சரி. பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளிகள்கூட ஒருவர் பாவுக்கு ஒருவர் வராமல் இருந்ததில்லை.

நானும் அதை நம்பித்தான் இருந்தேன். மிரட்டுகிறார், பாவைக் கண்ணால் பார்த்தால் தன்னால் வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். விடியற்காலையில் பாவை விரித்துக் கஞ்சியும் தோய்த்துவிட்டோம். ஒரு கதவும் திறக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். எல்லாக் கதவும் திறந்திருந்தன. எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள். பெரிய வீட்டுக்காரர் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டு நின்றார். என்னோடு தினம் தண்ணீருக்கு வருகிறவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்து, வேலையைப் பார்க்கலாமென்று துரையும் மற்றவர்களும் வந்தார்கள். தெரு நிற்கிற நிலையை உபதேசியார் காதோடு காதாகச் சொன்னார். துரைக்கு முகம் சிவந்துவிட்டது. தொப்பியைக் கழற்றினார், கோட்டைக் கழற்றினார், சட்டைக் கையைச் சுருட்டினார். நாலு கை கிடைத்ததென்று எனக்கு உயிர் வந்தது. அவர் பாவின் தலைமாட்டில் மண்டியிட்டு ஜெபம் பண்ண ஆரம்பித்தார்.

சின்ன ஜெபமாக இருந்தால் பரவாயில்லை. அவர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, உபதேசியார் அதைத் தமிழில் திருப்பிச் சொன்னார். எங்கள் தெருவை மன்னிக்கச் சொன்னார், எங்கள் தறியை ஆசீர்வதிக்கச் சொன்னார். வெயில் ஏறியது. என் வீட்டுக்காரர் மரியாதைக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“ஏனுங்க, கஞ்சி காயுதுங்க,” என்றேன்.

“சாமி கும்புடறாங்க புள்ள. எப்படித் தடுக்கறது?” என்றார்.

அவர்கள் ஆமென் சொல்லி எழுந்தபோது பாவு விறைத்துவிட்டது. பிறகு துரைசானிகள் தூரிகையை எடுத்து இழுத்ததில் ஒட்டாமல் மிச்சமிருந்த இழைகளும் அறுந்தன. யாரோ ஒரு வீட்டில் சிரித்தார்கள். பெரிய வீட்டுக்காரர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு உள்ளே போனார்.

அந்தப் பாவைச் சுருட்டி வீட்டுக்குள் போட்டுவிட்டு என் வீட்டுக்காரர் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒட்டிக்கொண்ட இழைகளை நகத்தால் பிரித்துப் பார்த்தார். பிரிக்கப் பிரிக்க அறுந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்ததைத் துடைக்கவும் இல்லை. ஆம்பிள்ளை அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இந்தத் தெரு இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு எனக்குத் தெம்பாக இருந்தது.

துரையையும் நான் விடவில்லை. மறுநாள் பங்களாவுக்கே போய், காய்ந்த பாவை அவர் மேஜைமேல் போட்டேன். “உங்க சாமி கேட்டுதுங்களா?” என்று கேட்டேன். உபதேசியார் இதை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது, துரை தலைகுனிந்தார். ஆனால் ஆள் தொழில் தெரிந்தவர். சேலத்திலிருந்து தச்சரைக் கூட்டிவந்து, பக்கத்திலேயே நின்று, ஆள் உயரத்துக்கு ஒரு மர உருளை செய்வித்தார். பிரிக்காத சுருளாக, சிட்டமாக இருக்கும்போதே நூலுக்குக் கஞ்சி போட்டு உலர்த்தி, கதிர்க் குச்சிகளில் சுற்றி, அவற்றிலிருந்து அந்த உருளையில் ஓட்டினால் பாவு தயார். தெரு வேண்டாம், வெயில் வேண்டாம், யார் கையும் வேண்டாம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு அதை நிறுத்தினார்கள். வெயில் காலத்துக்கு முன் அவர்கள் ஊருக்குக் கிளம்பியபோது துரை அங்கே நின்று மறுபடி நெடுநேரம் ஜெபித்தார். ஈர நூல் எதுவும் இல்லாததால் நானும் பொறுத்துக்கொண்டேன்.

விரிப்புகள் கப்பலேறின, நூல் வந்தது, எங்கள் தறி மூன்றாயிற்று. தெரு ஒரு வருஷம் முறைத்துப் பார்த்தது. அப்புறம் ஒவ்வொருத்தியாக நூலை மடியில் கட்டிக்கொண்டு கொல்லை வழியாக வர ஆரம்பித்தாள். நான் யாரையும் துரத்தவில்லை. நிற்கவைத்து ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: “அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்கக்கா?” ஒருத்திக்குக் காய்ச்சலாம். ஒருத்தி ஊரிலேயே இல்லையாம். தண்ணீருக்கு வருகிறவள் மட்டும் அழுதாள். எல்லோருக்கும் பாவு ஓட்டிக் கொடுத்தேன். கேட்ட கேள்விக்கு அவர்கள் பொய் தேடித் தவிப்பதைப் பார்ப்பதில் எனக்கிருந்த சுகத்தை இன்னதென்று சொல்ல முடியாது. ஆனால் நான் காத்திருந்தது ஒருவருக்காக.

சண்டை வந்து நூலுக்குப் பஞ்சம் வந்தபோது அவர் வந்தார். பெரிய வீடு அதற்குள் தளர்ந்திருந்தது. மகன்கள் ஆளுக்கொரு ஊருக்குப் போயிருந்தார்கள். பேத்திக்குக் கல்யாணம், கூரைப்புடவையைச் சொந்தத் தறியில் நெய்து கட்டுவது அவர்கள் வீட்டு வழக்கம். எங்கெங்கோ சொல்லிவைத்து அதற்கு மட்டும் நூல் பிடித்திருந்தார். கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

“அம்மிணி, பேத்தி கூரைச் சேலைக்கு ஒரு பாவு ஓட்டித் தரோணும்.”

“இது பாதிரி உருளைங்க மாமா. பொண்ணு மேல படற சேலை. தீட்டாயிருமுங்களே,” என்றேன்.

அவர் உருளையைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். அத்தனை வருஷமும் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தை. வாய்விட்டுச் சொன்னதும் கற்கண்டாக இனித்தது.

மறுநாள் காலை தெருவில் கவைக்கம்பு நட்டார்கள். அவர் அதைத்தான் செய்வார் என்று எனக்குத் தெரியும். அதற்காகவே அவசர வேலை என்று சொல்லி எல்லா வீட்டுப் பெண்களையும் கருக்கலிலேயே கொட்டகைக்கு வரவழைத்திருந்தேன். ஆண்கள் தறியில் இருந்தார்கள். என்னைக் கேட்காமல் அவர்கள் இறங்க மாட்டார்கள். அவர்கள் தறிக்குப் பாவு என் கொட்டகையிலிருந்துதான் வந்தாக வேண்டும், காலம் அப்படி மாறியிருந்தது. வாசலுக்கு வந்து பார்த்தேன். கிழவரும் மருமகளும் பாவின் இரண்டு முனையில் நின்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறட்டும் என்று நின்றேன்.

அப்போது என் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் வந்தார். என்னைத் தாண்டிப் படியிறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டி, கீழே கிடந்த தூரிகையை எடுத்து, கிழவருக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார். அவரைப் பார்த்ததும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆண்கள் இறங்கினார்கள். கொட்டகையிலிருந்த பெண்கள் என் முகத்தைப் பார்க்காமல் ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் பாவின் இரண்டு பக்கமும் ஆள் நிறைந்துவிட்டது. நான் மட்டும் வாசலில் நின்றேன்.

என் வீட்டுக்காரர் திரும்பி வந்து முழங்கை வரை கஞ்சியோடு தண்ணீர் கேட்டார். நான் நகரவில்லை.

“வெக்கமில்லீங்களா உங்களுக்கு? அன்னைக்கு உங்களை அழ வெச்சவருங்க அவுரு.”

“அவுரு எங்க புள்ள அழ வெச்சாரு?” என்றார் நிஜமாகவே புரியாமல். “அவுரு வரமாட்டாருன்னு சொல்லிப்போட்டுத்தான போனாரு. நல்ல நூலு வீணாப்போச்சேன்னு அழுதேன். இன்னைக்கும் நூலு வீணாப்போயிருமேன்னுதான் போனேன்.”

நான் அவர் முகத்தையே பார்த்தேன். பொய் சொல்லத் தெரியாத ஆள். இத்தனை வருஷமாக அவருக்காகத்தான் என்று நான் சேர்த்துவைத்ததில் அவருக்கு ஒரு பிடி பங்குகூட இல்லை. இதை அவர் ஒரு நாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

“சரிங்க. அப்போ அந்த வஞ்சம் உங்குளுது இல்ல. என்னுது. நானே வெச்சுக்கறேன்,” என்றேன்.

தண்ணீரை அவரே மொண்டு ஊற்றிக்கொண்டார். பெரிய வீட்டில் வெற்றிலை பாக்கு வைத்து எங்கள் இருவரையும் கல்யாணத்துக்கு அழைத்தார்கள். அவர் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். கூரைப்புடவை நன்றாக வந்திருந்தது என்று சொன்னார். நான் போகவில்லை, அதை இன்றுவரை பார்க்கவும் இல்லை.