இரண்டாவது விமானம்

எங்கள் வீட்டில் ஓர் ஆட்டுக்குட்டியைக் கட்டக்கூட இடம் கிடையாது. திருச்சியில் மாதா கோயிலுக்குப் பின்னால் இரண்டே அறைகள். அந்த வீட்டில் இருந்துகொண்டு அப்பா ஒருநாள், "மணப்பாறை சந்தைக்குப் போறேன், மாடு பாக்கணும்" என்றார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ரயில்வே ஆபீசில் ஃபைலைத் தவிர வேறெதையும் தொட்டறியாத மனிதர், மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கவா போகிறார்?

விஷயம் இதுதான். என் தம்பி விமானப்படையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மா இல்லாத வீடு, இருப்பதும் ஒரே மகன், வேண்டாம் என்றார் அப்பா. அவன் கேட்கவில்லை. "இனிமே எனக்குப் புள்ளையே இல்ல" என்று வாசலில் நின்று கத்தினார். அதிலிருந்து அவன் கடிதங்கள் என் பெயருக்கே வந்தன. கடைசிக் கடிதத்தில், சந்தையன்று காலை மணப்பாறைப் பக்கம் தாழப் பறக்கும் பயிற்சி இருக்கிறது, இரண்டு விமானங்கள் வரும், இரண்டாவதில் நான், முடிந்தால் வந்து பார் என்று எழுதியிருந்தான். மேஜையில் நான் வைத்துவிட்டுப் போன கடிதம் சாயங்காலம் நாலு விரற்கடை தள்ளிக் கிடந்தது. வீம்புக்கும் ஓர் அளவு வேண்டாமா! "நானும் வரேம்ப்பா" என்றேன். பஸ்ஸில் இரண்டு டிக்கெட்டாக எடுத்தார்.

சந்தை ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில். எங்கே பார்த்தாலும் மாடு. அப்பா நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வியாபாரி பொறுக்கமாட்டாமல், "ஏங்க, மாடு பாக்க வந்தீங்களா, மழை வருமான்னு பாக்க வந்தீங்களா?" என்றார். அப்பா காதில் அது விழவே இல்லை.

பத்து மணி இருக்கும். மாடுகள் அசை போடுவதை நிறுத்தின. ஒன்றிரண்டு அல்ல, அத்தனையும். கழுத்துமணிச் சத்தம் சட்டென்று அடங்கியது. பிறகு எல்லாத் தலைகளும் தெற்கே திரும்பின. அங்கே வெறும் வானம்.  கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெற்கே இருந்த கரட்டுக் குன்றுக்கு மேல் ஒரு புள்ளி தெரிந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் அது பனைமர உயரத்தில் தலைக்கு மேல் இருந்தது, சத்தமே இல்லாமல். நிழல் எங்கள் மேல் ஏறி இறங்கியது. அது போன பிறகுதான் சத்தம் வந்து விழுந்தது. மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. அப்பா அசையவில்லை. "இது மொதல்ல வரது" என்றார். கடிதத்தைப் படித்ததை என்னிடம் மறைக்க வேண்டும் என்பதுகூட மறந்துவிட்டது அவருக்கு.

இரண்டாவது வரவில்லை. பதினொன்றாயிற்று, பன்னிரண்டாயிற்று. "வாங்கப்பா, வெயில் மண்டையப் பொளக்குது" என்று கெஞ்சினேன். "நீ வேணா நிழல்ல போய் நில்லு" என்றார். ஓடிய மாடுகளைப் பிடித்துவந்து மறுபடி கட்டியிருந்தார்கள்.

அப்போது மணிச்சத்தம் மறுபடியும் நின்றது. தலைகள் தெற்கே திரும்பின. வியாபாரிகளும் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். புள்ளி இல்லை, நிழல் இல்லை, சத்தமும் இல்லை. ஆனால் அத்தனை மாடுகளும், மேலே எதுவோ நிதானமாகப் போவதைப் பார்ப்பது போல, தெற்கிலிருந்து வடக்கே மெல்லத் தலையைத் திருப்பின. நான் சயின்ஸ் டீச்சர், நமக்குக் கேட்காதது மாட்டுக்குக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பின்னால் வர ஒன்றுமே இல்லாதபோது அவை எதைக் கேட்டன? 

அப்பா வெறும் வானத்தைப் பார்த்துக் கையை உயர்த்தி அசைத்தார்.

திரும்பும் பஸ்ஸில், "போயிட்டாம்மா" என்றார்.

"வாயக் கழுவுங்க" என்று எரிந்து விழுந்தேன். என் பயம் எனக்கு.

மூன்றாம் நாள் மத்தியானம் தம்பியின் கடிதம் வந்தது. அன்று அவன் விமானத்தில் ஏதோ கோளாறு, கிளம்பவே இல்லையாம். வெயிலில் வந்து காத்திருந்தாயா அக்கா, மன்னித்துக்கொள் என்று எழுதியிருந்தான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்பா, அவன் நல்லா இருக்கான்!" என்று கடிதத்தை நீட்டினேன். படித்தார். இன்னொரு முறை படித்தார். முகம் வெளுத்துவிட்டது.

"காலைல அவனுக்குப் பூசை வச்சிட்டேம்மா."

மாதா கோயிலில் மரித்தவர்களுக்கு வைக்கும் பூசை. சாமியார் கறுப்பு உடுப்புப் போட்டு, விசுவாசிகளின் ஆத்துமா இளைப்பாறட்டும் என்று வேண்டிக்கொள்ளும் பூசை. பெயர் சொல்ல மனம் வராமல், ஒரு ஆத்துமாவுக்காக என்று மட்டும் கேட்டிருக்கிறார். செருப்பைக்கூடப் போடாமல் கோயிலுக்கு ஓடினார், நானும் பின்னால் ஓடினேன். சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது வேற ஒரு ஆத்துமாவுக்கு உதவும், ஒண்ணும் ஆகாது, போங்க" என்றார். அப்பா தலையை ஆட்டினார். ஆனால் அன்றிரவு அவர் சாப்பிட உட்காரவில்லை. அழுதுகொண்டே ஒரு கார்டு எழுதினார்: லீவு கேள், உடனே வா.

அடுத்த மாதம் தம்பி வந்தான். காலை ரயிலில் இறங்கி, படியேறி, "அப்பா" என்றான். அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். அது தரையில் படுகிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் புரிந்தது. அவன், அப்பாவுக்கு இன்னும் கோபம் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

கை கால் கழுவிவிட்டு அவன் சாப்பிட உட்கார்ந்தான். அப்பா அந்தப் பக்கமே வரவில்லை. நான் அடுப்படிக்குள் போனதும் பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்தி, "சாப்பிடுறானா?" என்று கேட்டார்.

"ஏம்ப்பா? நாலு இட்லி சாப்பிட்டான்."

"நீ கண்ணால பாத்தியா?"

"பாத்தேம்ப்பா. நான்தானே வச்சேன்."

அவர் என் கையிலிருந்த பரிமாறும் தட்டை வாங்கிக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு குடு. நானே வைக்கிறேன். அவன் திங்கிறத நான் பாக்கணும்."