கிருபா கேட்ட கேள்வி

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, சாகக் கிடந்த மனைவியிடம் பொய் சொன்னவன் நான். அதை மறைத்துவிட்டு ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையை மட்டும் சொன்னால் இந்தச் சாட்சியும் பொய்யாகிவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். சபையில் மூப்பர். என் மனைவி அன்னம்மாள். எங்களுக்கு ஒரே பிள்ளை கிருபா. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கேட்டுக் கேட்டுப் பெற்ற பிள்ளை. அவள் ஞானஸ்நானத்தன்று சபை முழுவதற்கும் சாப்பாடு போட்டேன்.

1966-இல் எங்கள் ஆலயத்துக்குப் புதுக்கதவு செய்யக் காரைக்குடியிலிருந்து முருகேசன் என்ற தச்சர் வந்தார். கிருபா அப்போது டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். ஆறு மாதம் கழித்து ரிஜிஸ்தர் ஆபீஸில் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர் இந்து. அவரவர் சாமியை அவரவர் கும்பிடுவது என்று பேசிக்கொண்டோம், எங்களை ஆசீர்வதியுங்கள் என்று கிருபா கடிதம் எழுதினாள். கிழித்துப் போட்டேன். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, "எனக்குப் பிள்ளை இல்லை. யாரும் விசாரிக்க வர வேண்டாம்" என்றேன். பெண்கள் பக்கம் இருந்த அன்னம்மாள் தலையை நிமிர்த்தவே இல்லை.

வீட்டில் கிருபாவின் பெயரைச் சொல்லக் கூடாது என்றேன். அன்னம்மாள் சொல்லவில்லை. ஆனால் அந்த வருஷம் கிறிஸ்மஸ் அன்று கைப்பழக்கத்தில் மூன்று தட்டு வைத்துவிட்டாள். ஒன்றை எடுத்து முற்றத்தில் எறிந்தேன். அவள் போய் எடுத்து வந்து, கழுவி, கவிழ்த்து வைத்தாள்.

1969-இல் அவளுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். மதுரைக்குக் கொண்டுபோனேன். முற்றிவிட்டது என்று கையை விரித்துவிட்டார்கள். வீட்டில் கொண்டுவந்து கிடத்தினேன். யாரோ சொல்லிக் கிருபாவுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று தடவை வந்தாள். இரண்டு தடவை தெருமுனையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினேன். மூன்றாவது தடவை, பங்குனி மாதம், உச்சி வெயிலில் வாசல்வரை வந்துவிட்டாள். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை.

"அம்மாவை ஒரு தடவ பாத்துட்டுப் போயிர்றேம்ப்பா. உள்ள வரல. சன்னல் வழியாப் பாத்துக்கிறேன்" என்றாள்.

கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். உள்ளேயிருந்து அன்னம்மாள், வந்தது யார் என்று கேட்டாள். பொய் சொன்னேன். பதினோராம் நாள் அவள் இறந்தாள்.

அடக்கத்துக்கும் கிருபா வந்தாள். கல்லறைத் தோட்டத்துக் கேட்டைப் பூட்டச் சொல்லி, ஆலய வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை சாமுவேலுக்கு முன்னாடியே உத்தரவு போட்டிருந்தேன். மதில் சுவருக்கு வெளியே நின்று அவள் அழுத சத்தம் உள்ளே எங்களுக்குக் கேட்டது. போதகர் ஜெபத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நீங்கள் நடத்துங்கள் என்று சைகை காட்டினேன்.

அதன் பிறகு நான் நன்றாகத்தான் இருந்தேன். அதைத்தான் இன்று நினைத்தால் பயமாக இருக்கிறது. சாப்பிட்டேன், தூங்கினேன், ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்தினேன். 1972-இல் ஒரு ஞானஸ்நான ஆராதனை. குழந்தைக்காக ஜெபிக்கும்படி போதகர் என்னை அழைத்தார். குழந்தையைக் கையில் வாங்கினேன். எனக்கும் ஒரு பேரப்பிள்ளை இருக்குமே, அது ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாதே என்று சட்டென்று நினைவு வந்தது. வாய் திறக்கவில்லை. சபை காத்திருந்தது. குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

அன்றிலிருந்து அழுது ஜெபித்தேன். ஆண்டவரே, என் மகளை என்னிடம் அனுப்பும், ஒரு தடவை என்னை அப்பா என்று கூப்பிட வையும் என்று மாதக்கணக்கில் கேட்டேன். ஆலயத்தில் தனியாக முழங்காலில் இருந்தபோது ஒருநாள் சாமுவேல் விளக்குமாற்றோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"ஐயா, கோவிச்சுக்கிறாதீக. அவுக வரணும்னு ஆண்டவர்கிட்ட கேக்குறீக. நீங்க போறதுக்கு யாருகிட்ட கேக்கணும்? காரைக்குடி சீமையிலயா இருக்கு?"

நான் முழங்காலிலிருந்து எழுந்தேன்.

"அன்னைக்குக் கேட்டைப் பூட்டுனது என் கை. எனக்கும் தூக்கம் வரமாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுக் கூட்டப் போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை பஸ் ஏறினேன். முருகேசனின் பட்டறையும் வீடும் ஒரே வாசலில் இருந்தன. கிருபா என்னைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முருகேசன் ஒரு முக்காலியை எடுத்துப் போட்டார்.

"அவ சொல்லாம நான் வீட்டுக்குள்ள கூப்புட முடியாதுங்க. இங்குட்டு நிழல்ல உக்காருங்க" என்றார். ஒரு வசைச்சொல் இல்லை. வசை கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமைதோறும் போனேன். உட்காருவேன், சாயங்காலம் திரும்புவேன். நாலு மாதம் இப்படி. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை கிருபா வெளியே வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். இடுப்பில் மூன்று வயதுப் பெண்குழந்தை. அதை முருகேசனிடம் கொடுத்துவிட்டு என் எதிரில் நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நெசத்தச் சொல்லுங்க. அன்னைக்கு வாசல்ல நான் பேசுனது அம்மாவுக்குக் கேட்டுச்சா?"

கேட்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தாள் என்ற பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஆண்டவரே, இந்த வாயைப் பிடித்துக்கொள்ளும் என்றேன், மனதுக்குள். வேறு ஜெபிக்க நேரம் இல்லை.

"கேட்டுச்சு" என்றேன். "யாருன்னு கேட்டா. தயிர்க்காரின்னு சொன்னேன்."

முருகேசனின் கையிலிருந்த குழந்தை ஏதோ பேசியது. அவர் அதன் வாயை மெல்லப் பொத்தினார்.

"அம்மா என்ன சொன்னாக?"

"செவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டு, 'அந்தத் தயிர்க்காரிக்கு ஒரு செம்புத் தண்ணி குடுத்து அனுப்புங்க, வெயில்ல வந்திருக்கா'ன்னு சொன்னா."

நான் கொடுக்கவில்லை என்பது கிருபாவுக்கே தெரியும்.

கிருபா மரத்தூளில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அம்மா, அம்மா என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். நான் எழுந்து கிட்டே போனேன். "தொடாதீக" என்றாள். நின்ற இடத்திலேயே நின்றேன். வெகுநேரம் கழித்து அவள் புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: "நான் வந்ததே தெரியாமப் போயிட்டாகன்னுல்ல நெனச்சிருந்தேன். தெரிஞ்சிருக்கு. என் கொரல அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு."

பிரியமானவர்களே, மூன்று வருஷம் அவளை அரித்துக்கொண்டிருந்தது அதுதான். மருந்து என்னிடம் இருந்தது. அந்த மருந்துக்குள் என் பாவமும் இருந்ததால் அதை நான் வெளியே எடுக்கவில்லை. கர்த்தர் அன்று என் வாயைத் திறந்தார். அவருக்கு ஸ்தோத்திரம்.

மூப்பர் பொறுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது அவள் வீட்டுக்குள் போகிறேன், அவள் கையால் சாப்பிடுகிறேன். அப்பா என்று அவள் இன்றுவரை கூப்பிடவில்லை. போன ஜூன் மாதம் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். சிலேட்டை என்னிடம் நீட்டி, "நீங்களே எழுதிப் பழக்குங்க" என்றாள் கிருபா. பிறகு சொன்னாள்: "அம்மாச்சி எப்பிடிச் செத்தாகன்னு இவ ஒருநாள் கேப்பா. நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

சரி என்றேன். அது என் காதில் தண்டனையாகவும் விழுந்தது, நம்பிக்கையாகவும் விழுந்தது. பிள்ளையிடம் என்னைத் தனியாக விடுகிறாள் அல்லவா.

உங்களில் யாராவது உங்கள் பிள்ளையை, உடன்பிறந்தவரைத் தள்ளி வைத்திருந்தால், ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் நிச்சயம் பதில் தருவார். அது உங்களுக்கு வலிக்கும். இருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்காகவும் ஒரு வார்த்தை ஜெபியுங்கள். பேத்தி இப்போது நிறையக் கேள்வி கேட்கிறாள். அந்தக் கேள்வி வரும் நாளில் நான் எதையும் குறைத்துச் சொல்லிவிடக் கூடாது.