மரத்தில் கட்டிய சிவப்புத் துணி

படம் அழகாக அமைய வேண்டுமென்று காட்டுமரங்களின் கிளைகளை ஒடிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அதில் பாதி என்மீதுதான்.

தொண்ணூறுகளில் பதுளைக் கந்தோரில் வேலை பார்த்தபோது, கெமராவுடன் மடுல்சீமைக் காட்டுக்குப் போனேன். பாசி படர்ந்த மரமொன்றில் கட்டியிருந்த சிவப்புத் துணி படத்தைக் கெடுப்பதாக நினைத்து அவிழ்த்தெறிந்தேன். விறகு பொறுக்கும் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் பனிமூட்டத்தில் அதைப் பார்த்தே மரத்துக்கு அப்பாலிருந்த பள்ளத்தைத் தவிர்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. மூட்டம் அடர்ந்ததும் ஒரு பெண் அங்கே சரிந்து, வேரைப் பற்றித் தொங்கினார். அவருடைய தோழியும் நானும் மேலே இழுத்தோம்.

"துணி ஒங்கள என்னாங்கய்யா பண்ணுச்சு? நாங்க செத்தாத்தான் படம் நல்லா விழுமா?" என்றார் தோழி.

துணியைத் தேடியெடுத்துக் கட்டினேன். இப்போது எது குறுக்கே நின்றாலும் நான்தான் இடம் மாறி நிற்கிறேன்.