விளங்காமல் சொன்ன "யா"

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதத்தில் இது நடந்தது. டென்மார்க்கில் சில்க்போர்க் நகரத்தில், இரண்டாம் மாடி வீடொன்றில் நானும் மனைவியும் இருக்கிறோம். எனக்குத் தொழிற்சாலையில் வேலை, மனைவிக்கு முதியோர் இல்லத்தில். எங்கள் ஒரே மகள் அப்போது கோப்பன்ஹேகனில் படித்துக்கொண்டிருந்தாள். அவள் விட்டுவிட்டுப் போனவற்றில் உயிருள்ளது அவளுடைய நாய் மட்டுந்தான்.

பத்து வயதில் அழுது அடம்பிடித்து அவள் வாங்கிய மண்ணிற லாப்ரடோர் அவன். அவள் வைத்த டேனிஷ் பெயர் என் வாயில் ஒழுங்காக வராது. நான் "தம்பி" என்று கூப்பிட்டேன். அதற்கும் வந்தான். மகளிடம் நான் தமிழில் கேட்டால் அவள் டேனிஷில் பதில் சொல்வாள். அவனிடம் தமிழில் சொன்னால் சொன்னபடி செய்வான். "இரு" என்றால் இருப்பான். "வாடா, ஏரிக்குப் போவம்" என்றால் எனக்கு முன்னே படியிறங்கி நிற்பான்.

"என்னோட கதைக்க உங்களுக்கு வாயில்லை. தம்பியைக் கண்டா மட்டும் கதை கொட்டுது" என்று மனைவி சொல்வாள். அது உண்மைதான். நான் கூச்சக்காரன். ஊரில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இங்கே வந்து மொழி வகுப்பிலும் கடைசி மேசைதான். டேனிஷ் அரைகுறையாக விளங்கும். விளங்காவிட்டால் திருப்பிக் கேட்கமாட்டேன். "யா" என்று சொல்லிச் சிரித்துவிடுவேன். யா என்றால் ஓம், சரி என்று அர்த்தம். ஒருமுறை வேலையிடத்தில் ஒருவர் ஏதோ கேட்க யா சொல்லிவிட்டு, அந்தச் சனிக்கிழமை முழுவதும் அவருடைய பியானோவை நாலாம் மாடிக்குத் தூக்கியிருக்கிறேன்.

பதின்மூன்று வயதில் தம்பிக்குச் சிறுநீரகம் பழுதானது. பின்னங்கால்கள் சோர்ந்தன. நான் வீட்டில் உடுத்தும் பழைய சாரமொன்றை மடித்து அவன் வயிற்றுக்குக் கீழே கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கியபடி படியிறக்குவேன். ஒவ்வொரு படியிலும் நின்று என்னைத் திரும்பிப் பார்ப்பான். மருந்துக் கடைச் சாப்பாட்டை மோந்துவிட்டு முகத்தைத் திருப்புவான். உப்பில்லாமல் அவித்த கோழியும் குழைத்த சோறும் என்றால் நாலு வாய் தின்பான்.

மாசியில் அதுவும் நின்றது. புதன்கிழமை மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவளுக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பரீட்சை. நீண்ட காலத்துக்குப் பின் என்னிடம் தமிழில் சொன்னாள்.

"அப்பா, சனிக்கிழமை நான் வாறன். நான் வராமல் அவனைப் போக விடாதேங்கோ. பிராமிஸ் பண்ணுங்கோ."

"ஓம் பிள்ளை, நான் பாக்கிறன்" என்றேன்.

அடுத்த நாள் மத்தியானம் அவனை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். மனைவிக்கு வேலை. வழக்கமாக மகள் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாள். பரீட்சைக்குப் படிப்பவளைக் குழப்பக்கூடாது என்று நான் கூப்பிடவில்லை.

வைத்தியர் என் வயதுப் பெண். தம்பியின் வயிற்றை அமத்திப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில் நிறையச் சொன்னார். கடைசியில் ஒரு கேள்வி. அதில் எனக்குப் பிடிபட்டது "ஸோவ" என்ற சொல் ஒன்றுதான். ஸோவ என்றால் நித்திரை. தம்பி மூன்று நாட்களாக நித்திரையில்லாமல் முனகிக்கொண்டிருந்தான். அவனுக்கு நித்திரைக்கு மருந்து கொடுக்கப்போகிறார் என்று எனக்கு ஒரே சந்தோசம்.

"யா, யா. நன்றி" என்றேன்.

அவர் என் தோளில் கையை வைத்தார். உதவிக்கு நின்ற பெண் ஒரு மெத்தென்ற போர்வையைத் தரையில் விரித்தார். நான் தம்பியை அதில் கிடத்தினேன். முன்னங்காலில் கொஞ்சம் மயிரை வழித்தார்கள். பிறகு அந்தப் பெண் யன்னலோரம் ஒரு மெழுகுதிரி ஏற்றிவைத்தார். இந்த நாட்டில் கோப்பி குடிக்கவும் மெழுகுதிரி ஏற்றுவார்கள், அதனால் அதையும் நான் பெரிதாக நினைக்கவில்லை. தம்பியின் காதைத் தடவி, "இனி நல்லா நித்திரை கொள்ளலாம், என்ன" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது அந்தப் பெண் அவன் கழுத்துப் பட்டியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். இதை வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்களா என்று கேட்டார். அந்த வசனம் எனக்கு முழுதாக விளங்கியது. பட்டியை வீட்டுக்குக் கொண்டுபோவது நான். அப்படியென்றால் தம்பி?

மெழுகுதிரியைப் பார்த்தேன். போர்வையைப் பார்த்தேன். வைத்தியர் ஊசியோடு முழங்காலில் இருந்தார்.

"நை!" என்று கத்தினேன். நை என்றால் இல்லை. இந்த நாட்டில் நான் யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை. "நை! மகள் வாறாள்... சனிக்கிழமை... என்ர மகள்..." பாதி டேனிஷும் பாதி தமிழுமாக ஏதோ வந்தது. தம்பியின் மேல் குனிந்து ஊசிக்குக் குறுக்கே கையை வைத்துக்கொண்டேன்.

வைத்தியர் ஊசியைத் தூரமாக வைத்துவிட்டு, என் பக்கத்தில் தரையில் இருந்தார். நான் கேட்டது உங்களுக்கு விளங்கியதா என்று மிக மெதுவாகக் கேட்டார்.

வாய்வரை யா வந்தது. விழுங்கிவிட்டு, "விளங்கவில்லை" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். பிழை அவருடையதல்ல, யா சொன்னவன் நான். "ஸோவ இன்" என்று சேர்த்துச் சொன்னால் அமைதியாகச் சாவது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பிறகு சின்னச் சின்னச் சொற்களில் சொன்னார். அவனுக்கு வலி அதிகம். நோவுக்கு மருந்து தருகிறேன். சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கே வருகிறேன். அதற்குள் முடியாமல் போனால் மகளுக்காக வைத்திருக்க வேண்டாம், என்னைக் கூப்பிடுங்கள்.

லீவு போட்டு இரண்டு நாளும் அவன் பக்கத்திலேயே கிடந்தேன். மருந்து வேலை செய்தது, ஆனால் முழுவதுமாக இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் அவன் என்னைப் பார்த்த பார்வையில் வைத்தியரைக் கூப்பிட இரண்டு தடவை தொலைபேசியைக் கையில் எடுத்து, திரும்ப வைத்தேன். நாய்க்கு வீட்டுக்குள் என்ன வேலை என்று முன்பு சண்டை பிடித்த மனைவி, கரண்டியால் தண்ணீர் ஊட்டிக்கொண்டு, "கொஞ்சம் பொறடா ராசா, அக்கா வாறா" என்றாள்.

சனி மத்தியானம் மகள் வந்தாள். குளிர்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவன் பக்கத்தில் படுத்து, அவன் காதுக்குள் டேனிஷில் என்னவோ சொன்னாள். வால் தரையில் இரண்டு தடவை அடித்தது. தலையைத் தூக்கி அவள் கன்னத்தில் மூக்கை வைத்தான்.

வைத்தியர் வந்தார். அதே கேள்வியை என்னைப் பார்த்துக் கேட்டார். மகளும் என்னைப் பார்த்தாள். இந்த முறை ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. விளங்கிக்கொண்டு யா சொல்வது எவ்வளவு பாரம் என்றும் விளங்கியது.

அடுத்த நாள் புகையிரத நிலையத்தில் மகள் என்னைக் கட்டிப்பிடித்து, "தாங்ஸ் அப்பா, எனக்காக அவனை வச்சிருந்ததுக்கு" என்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். வியாழக்கிழமை நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அந்த இரண்டு நாள் வலியை அவன் எங்களுக்காகத்தானே பொறுத்தான் என்ற எண்ணம் இடைக்கிடை வந்து குத்தும்.

இப்போது விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லப் பழகிவிட்டேன். வேலையிடத்தில் சிலர் சிரிப்பார்கள், பரவாயில்லை. வேலை முடிந்து நாலு மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்ததும் "டேய் தம்பி" என்று இன்னமும் வாயில் வந்துவிடுகிறது. வீடு பேசாமல் இருக்கிறது.

என் மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தத் துணிவில்தான் இதை இங்கே எழுதுகிறேன். ஆனாலும் என்றாவது ஒருநாள் அவள் எழுத்துக்கூட்டி இதை வாசித்து, "அப்பா, ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று தமிழிலேயே கேட்கமாட்டாளா என்று என் மனம் ஏங்கிக்கொண்டுதான் இருக்கிறது.