கொம்பு முளைத்த ஏரி

தூண்டிலும் கையுமாக ஒரு மெட்ராஸ்காரர் திண்டிவனத்தில் என் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றார். கேட்டது ஒரே கேள்வி: "ஏரி எங்கய்யா?"

போட்டோ தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்காக, அந்த ஏரி எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

1. திரை கட்டியது

யுத்த காலம். குண்டுக்குப் பயந்து மெட்ராஸ்காரர்கள் நம் பக்கம் வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் அற்புதம் டீச்சர் விழுப்புரத்துக்கு மாற்றலாகி, தினமும் ரயிலில் போய்வந்துகொண்டிருந்தார். பள்ளிக்கு எதிரிலேயே ஒரு வீடு பேசி வைத்திருந்தார். தை பிறப்பதற்குள் இங்கே இருக்கிற வீட்டை விற்றால்தான் அது கிடைக்கும். பார்க்க வந்த மூன்று பேரும் பக்கத்து மாட்டுக்கொட்டகையைக் கண்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நாலாவது ஆள்தான் இந்த மெட்ராஸ்காரர். போட்டோ அனுப்பச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தார்.

"இதுவும் போச்சின்னா நான் ரயில்லியே குடித்தனம் பண்ண வேண்டியதுதான், அண்ணே." சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கண் கலங்கியிருந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. கல்யாண ஜோடிகளுக்குப் பின்னால் தொங்கவிடுகிற திரையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு போனேன். ஏரி, படித்துறை, இரண்டு அன்னம் வரைந்த திரை. வீட்டுச் சுவருக்கும் முருங்கை மரத்துக்கும் இழுத்துக் கட்டியதும் கொட்டகை மறைந்துவிட்டது.

"பொய்யில்லியா, அண்ணே?"

"நான் வூட்ட புடிக்கிறேன் டீச்சரம்மா. பக்கத்துல துணி காஞ்சிக்கினு இருந்தா நானா பொறுப்பு?"

லென்ஸ் மூடியைக் கழற்றி, இரண்டு எண்ணி மூடினேன். அந்த நேரம் பார்த்துக் காற்றடித்துத் திரை ஆடியது. ஸ்டுடியோவில் என்றால் படம் கலங்கி, கண்ணாடி பிளேட் வீண். இங்கேயோ நிஜத் தண்ணீர் அலையடிப்பது போலவே விழுந்திருந்தது. என் கெட்டிக்காரத்தனத்தில் நானே மயங்கிப் போனேன். சுவர் விரிசலை மட்டும் நெகட்டிவில் பென்சிலால் ரீடச் செய்து மறைத்து, பின்னால் ஸ்டுடியோ முத்திரை குத்திப் பிரிண்டைத் தபாலில் சேர்த்தேன். வேறு எதையும் கவனிக்கவில்லை.

2. திரை விழுந்தது

தூண்டில்காரரையும் கூட வந்திருந்த அவர் மனைவியையும் டீச்சர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். கொட்டகையைப் பார்த்ததும் மனிதர் குதித்தார்.

"இது மோசடியில்ல? ஒரு வாத்தியாரம்மா செய்யற வேலையா இது?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அப்போதுதான் நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"தப்பு என்னுது சார். அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

அதற்குள் அவர் மனைவி கொட்டகைக்குள் போய் ஒரு பசுவைத் தடவிக்கொண்டிருந்தார். "சும்மா கத்தாதீங்க. ஏரிக்கு மேல ரெண்டு கொம்பு தெரிஞ்சத நான் மெட்ராஸ்லயே பாத்துட்டேன்" என்றார்.

பையிலிருந்து போட்டோவை எடுத்துக் காட்டினார். அன்னத்துக்கு நேர் மேலே, திரை விளிம்பைத் தாண்டி, பின்னால் ஒட்டி வந்து நின்ற பசுவின் இரண்டு கொம்பு. விரிசலைத் தேடிய என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

"அங்க பால்காரன் ஊத்தறது பாதி தண்ணி. இங்க கறக்கறத கண்ணால பாத்து வாங்கலாம். நீங்க ஏரிக்கு வந்தீங்க, நான் மாட்டுக்கு வந்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

தை பிறப்பதற்குள் அற்புதம் டீச்சர் விழுப்புரத்தில் பால் காய்ச்சிவிட்டார். அன்றிலிருந்து விலைக்கு வருகிற எந்த வீட்டைப் படம் பிடித்தாலும் கொட்டகை, கிணறு, விரிசல் எல்லாம் சேர்த்தே பிடித்தேன். எது குறை என்று முடிவு செய்யவேண்டியது வாங்குகிறவர், நாம் அல்ல.

குடிவந்த மறுவாரம் அந்த அம்மாள் ஸ்டுடியோவுக்கு வந்தார்.

"வீட்டு வாசல்ல குடும்பமா ஒரு போட்டோ எடுக்கணும். அந்த ஏரியையும் கொண்டாந்துடுங்க. ஏரிக்கரை வீடுன்னு இவர் ஆபீஸ் பூரா சொல்லி வெச்சிருக்கார்."

போனேன். அவர் தூண்டிலோடு தயாராக நின்றிருந்தார். இந்த முறை பசுவை முதலில் அளந்துவிட்டு, திரையை இரண்டு முழம் உயர்த்திக் கட்டினேன்.