மண்டபத்துக்குத் தண்ணீர் வந்த நேரம்

வைகை அணையில் தண்ணீர் திறந்த செய்தியைச் சனிக்கிழமை இரவு நான்தான் திருத்தி அச்சுக்கு அனுப்பினேன். மறுநாள் மாலை ஆறு மணிக்கு மதுரைக்கு வந்து சேரும் என்று அதில் இருந்தது. இப்படிப்பட்ட செய்திக்கு எங்கள் பத்திரிகையின் செய்தி மேசையில் ஒரு வழக்கம் உண்டு. கடந்த முறை வெளியான செய்தியை எடுத்து, தேதியையும் கன அடியையும் மாற்றிக்கொள்வோம். மாலை ஆறு மணி என்பது கோடையில் திறந்தபோது எழுதிய நேரம். அதை நான் மாற்றவில்லை.

மறுநாள் ஞாயிறு. வைகைக் கரையின் பழைய கட்டடங்களைப் பார்க்கும் ஒரு நாள் பயணத்துக்கு நானும் அக்காவும் பெயர் கொடுத்திருந்தோம். ஒரு வேன், பதினாறு பேர். கட்டடக்கலை சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண் அழைத்துப் போனார். அக்கா மிஷன் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு காதிலும் கேட்கும் கருவி மாட்டியிருப்பார்.

முதலில் மூடிக் கிடக்கும் பஞ்சாலை. கூரை ரம்பப் பல் போல மடிந்து மடிந்து போகிறது. ஒவ்வொரு மடிப்பிலும் வடக்குப் பக்கம் மட்டும் கண்ணாடி; வெளிச்சம் வரும், வெயில் விழாது. அடுத்து செல்லூரில் ஒரு விசைத்தறிக் கூடம். நூறு ஆண்டுக்கு முந்தைய வீடு, தேக்கு உத்தரம், அதன் கீழே எட்டுத் தறி. சத்தம் தாங்காமல் அக்கா காதுக் கருவிகளைக் கழற்றிக் கைப்பையில் போட்டார். திரும்ப மாட்டவில்லை. நான் கவனித்தேன், சொல்லவில்லை.

பதினொன்றரைக்கு ஆற்றுக்குள் இறங்கினோம். நடு ஆற்றிலுள்ள கல் மண்டபம்தான் கடைசி. தண்ணீர் திறந்திருக்கிறதே என்று வழிநடத்திய பெண் தயங்கினார். சாயந்திரம்தான் வரும், நம்பலாம் என்று சொன்னவன் நான். பார்த்து முடித்து எல்லோரும் சாப்பிடக் கரையேறினார்கள். அக்கா ஒரு தூணை வரைந்து முடித்துவிட்டு வருவதாகச் சொன்னார். அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது போன் வந்தது. மேற்கே சோழவந்தான் பக்கம் எங்களுக்குச் செய்தி அனுப்புகிறவர்.

"அண்ணே, சாயந்தரம்னா போட்டுருக்கீங்க? ஏழு மணிக்கே எங்க ஊரத் தாண்டிருச்சு. போன வாரம் பேஞ்ச மழையில மணலு ஊறிக் கெடக்கு. இனி எங்க குடிக்கப் போகுது?"

கோடையில் காய்ந்த மணல் முதலில் வரும் தண்ணீரை உறிஞ்சிவிடும். அதனால் தாமதமாகும். ஈர மணலில் நிற்காமல் ஓடிவரும். இது எனக்குத் தெரியாததல்ல. மணி பன்னிரண்டு நாற்பது.

அக்காவின் போனை அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. கரையில் நின்று எல்லோரும் கத்தினார்கள். மண்டபத்தில் தூணோரம் அவருடைய முதுகு தெரிந்தது; அசையவில்லை. நான் இறங்கினேன். கரையிலிருந்து மண்டபம் இருநூறு அடி இருக்கும். நடுவில் கருவேலம் புதர், சாக்கடை ஓடும் ஒரு பள்ளம். காலையில் அதைக் கல் மேல் கால் வைத்துத் தாண்டியிருந்தோம்.

தண்ணீர் அலையாக வரவில்லை. முதலில் நாற்றம்தான் வந்தது. பிறகு பள்ளத்தில் கிடந்த கறுப்புச் சாக்கடையைத் தள்ளிக்கொண்டு, தெர்மாகோல் துண்டும் ஆகாயத்தாமரையும் சுமந்து, பழுப்பு நுரை ஒன்று ஆள் நடக்கும் வேகத்தில் வந்தது. கல்லைக் காணவில்லை. நான் தாண்டும்போது கணுக்கால் அளவு.

அக்காவின் தோளைத் தொட்டேன். திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ஏன்டா, இன்னும் பாதித் தூண் கெடக்கு."

கையை மேற்கே நீட்டினேன். பார்த்தார். நோட்டைப் பைக்குள் போட்டார். பென்சில் கல்லிடுக்கில் விழுந்தது, தேடவில்லை. திரும்பும்போது பள்ளத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அக்காவின் சேலை நனைந்து காலைச் சுற்றிக்கொண்டது. இரண்டு முறை நின்றார். இரண்டாவது முறை என் மணிக்கட்டை அவர் பிடித்த பிடி மறுநாளும் வலித்தது. கரையிலிருந்து வேன் ஓட்டுநர் இறங்கிவந்து அவருடைய மறு கையைப் பிடித்தார்.

மேலே உட்கார்ந்து கருவிகளை மாட்டிக்கொண்ட பிறகுதான் அக்கா பேசினார்.

"சாயந்தரம்னு நீதானடா சொன்ன?"

ஆமாம் என்றேன். அவர் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் ஆற்று மணலில் வேட்டிகளும் போர்வைகளும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. வெளுக்கிறவர்கள் நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் மாடு மேய்த்தார்கள்.

"எனக்குக் காது கேக்கல. அவங்களுக்குக் கேக்கும்ல. போ."

கரையோரமாகக் கத்திக்கொண்டே நடந்தேன். மாடுகளை உடனே ஓட்டிவிட்டார்கள். வெளுக்கிறவர்களில் ஒருவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் நிமிர்ந்தார்.

"அம்புட்டு அவசரம் எதுக்கு சார்? பேப்பர்ல ஆறு மணின்னுல்ல போட்டுருக்கு."

"அதைப் போட்டது நான்தாண்ணே. தப்பாப் போட்டுட்டேன். எந்திரிங்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். தொடைக்குக் கீழே எல்லாம் சாக்கடைக் கறுப்பு. கையை உதறிவிட்டு எழுந்து துணியைச் சுருட்ட ஆரம்பித்தார். நானும் மறுமுனையிலிருந்து சுருட்டினேன்.