பம்பரத்துக்கு ஒரு நாற்காலி

என் ஓர்ப்படி ஒரு இடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் எங்கள் வீட்டில் யாரும் கிடையாது. சாப்பாட்டைக்கூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தபடிதான் சாப்பிடுவாள். கீழே நாங்கள், மாடியில் அவளும் என் கொழுந்தனும் அவர்கள் மகளும். நாள் முழுக்க என் தலைக்கு மேலே தடதடவென்று சத்தம். பீரோவை இழுப்பாள், கட்டிலைத் திருப்பிப் போடுவாள், சரியாக இல்லையென்று மறுபடி பழைய இடத்துக்கே தள்ளுவாள். மதியம் கண்ணயரலாம் என்றால் நடக்குமா? பம்பரம் என்று அவளுக்குப் பேர் வைத்தவளே நான்தான். அவளுக்கு அதில் கோபமும் இல்லை. "பம்பரமாவது சுத்தி முடிச்சா படுத்துக்கும்கா, எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை" என்று சிரித்தாள்.

மகள் பிறக்கும் வரை அவள் மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தாள். தெருத்தெருவாக, வீடுவீடாக நடை. நாய் துரத்தும், மழை பிடிக்கும், பாதி வீட்டில் கதவைத் திறக்க மாட்டார்கள். நானாக இருந்தால் இரண்டாம் நாளே கும்பிடு போட்டுவிட்டு வந்திருப்பேன். அவளுக்கோ அந்த வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முகமே மாறிவிடும். எந்த வீட்டில் மீட்டர் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது, எந்த வீட்டில் பழைய சைக்கிளை நகர்த்தினால்தான் தெரியும் என்று இன்றைக்கும் ஒப்பிப்பாள். மகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் அந்த ஆபீஸுக்கே திரும்பப் போய்க் கேட்டாள். "இப்பல்லாம் மீட்டரே கணக்கை அனுப்பிடுதும்மா. ஆள் போறதே இல்லை. கம்ப்யூட்டர் தெரியுமா?" என்றார்களாம். தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கு மாடியில் பீரோ இரண்டு தடவை இடம் மாறியது.

இதற்கு நடுவில் என் கொழுந்தன் ஒரு காரியம் செய்தார். அவர் குழாய் சாமான் கடை வைத்திருக்கிறார். பைப்பு, வால்வு, வாஷர், இதுதான் வியாபாரம். காலையில் போய் உட்கார்ந்தால் ராத்திரிதான் எழுந்து வருவார். அதிர்ந்து பேசாதவர், யார் வம்புக்கும் போகாதவர். கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, தன் மகள் வீட்டோடு போய் இருக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். உடனே இவர் பெண்டாட்டியிடம், "மாசக் கடைசிக்குள்ள உனக்கு வேலை கிடைச்சா சந்தோஷமா போ. இல்லைன்னா நம்ம கடைக்கே வந்துடேன்" என்றார்.

அந்தக் கடையைப் பார்த்தால் தெரியும். ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஒரே அறை, ஜன்னல் கிடையாது, இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் அலமாரி. மேசைக்கும் அலமாரிக்கும் நடுவே இரண்டு ஸ்டூல், ஒன்று என் கொழுந்தனுக்கு, இன்னொன்று பில் போடுகிறவருக்கு. அதில் உட்கார்ந்தவர் எழுந்து வெளியே வரவேண்டுமென்றால் மேசைப் பலகையைத் தூக்கி, உடம்பைக் குறுக்கிக்கொண்டு வரவேண்டும்.

அவள் படியிறங்கி ஓடி வந்து என்னிடம் சொன்னாள். "அக்கா, அந்த ஸ்டூல்ல என்னை உக்கார வச்சா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்."

"இதை என்கிட்ட ஏன் சொல்றே? உன் புருஷன்கிட்ட சொல்லு."

"எப்படிக்கா சொல்றது? ஆசையா கூப்பிடறார். திட்டிக் கூப்பிட்டாலாவது மாட்டேன்னு சொல்லலாம்."

ஆக, வேலை கிடைத்தால் தப்பித்தாள், இல்லையென்றால் ஸ்டூல். இப்படித்தான் நாங்கள் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளப் போனோம். நாங்கள் என்ன நாங்கள், அவள் போனாள், என்னை இழுத்துக்கொண்டு போனாள். "தனியா போக ஒரு மாதிரி இருக்குக்கா" என்றாள். ஊரில் உள்ள கதவையெல்லாம் தனியாகத் தட்டியவளுக்கு இது ஒரு மாதிரி இருக்கிறதாம்!

வேலைக்குத் திரும்ப நினைக்கும் பெரியவர்களுக்கான சாயங்கால வகுப்பு அது. ஒரு பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, அவர்களுடைய கம்ப்யூட்டர் அறையில் நடந்தது. நாற்காலியெல்லாம் பிள்ளைகள் அளவு. எனக்கு முழங்கால் மேசையில் இடித்தது, மற்றதைச் சொல்ல வேண்டாம். பாடம் எடுத்தது சின்னப் பெண். எங்களையெல்லாம் அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். நாங்கள் அவளை டீச்சர் என்போம். ஆட்கள் அதிகம், மெஷின் குறைவு. அதனால் இரண்டு பேருக்கு ஒரு மெஷின். எனக்கும் பம்பரத்துக்கும் சேர்த்து ஒன்று.

நான் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடித்தவள். கீபோர்டில் கை வைத்ததும் விரல்கள் தானாக ஓடின. எனக்கே ஆச்சரியம்தான். பம்பரத்துக்கு எழுத்தைத் தேடப் பொறுமை ஏது? முதல் நாளே மவுஸைப் பிடித்துக்கொண்டாள். "நீ தட்டுக்கா, நான் ஓட்டறேன்" என்றாள். அவ்வளவுதான், ஒப்பந்தம் முடிந்தது. அவள் ஒரு இடத்தைச் சொடுக்குவாள், நான் எழுதுவேன். நான் கையை எடுப்பதற்குள் அவள் அடுத்த கட்டத்துக்குப் போயிருப்பாள். மவுஸ் அவள் கையில் என்னமாய் ஓடும் தெரியுமா! வகுப்பிலேயே நாங்கள்தான் முதலில் முடிப்போம். டீச்சர் பின்னால் வந்து திரையை மட்டும் பார்த்துவிட்டு, "சூப்பர்க்கா" என்று போய்விடுவாள். நாங்களும் பெருமையாகத் தலையைத் தூக்கிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்ப்போம்.

அடுத்த மெஷினில் ஒரு டிரைவர் அண்ணன். கம்பெனியில் ஆட்குறைப்பு என்று அனுப்பிவிட்டார்களாம். அவர் ஒரு நாள் எங்களைப் பார்த்து, "ஒருத்தர் ஸ்டியரிங், ஒருத்தர் பிரேக்கு. நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆளுக்கொரு வண்டி குடுத்தா என்னம்மா பண்ணுவீங்க?" என்றார். நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். புத்தி இருந்தால் அன்றைக்கே யோசித்திருப்போம்.

மாசக் கடைசி நெருங்கும்போது டீச்சர் ஒரு செய்தியோடு வந்தாள். பார்சல் அனுப்பும் ஆபீஸ் ஒன்றில் ஒரு ஆள் வேண்டுமாம். "நம்ம கிளாஸ்ல நீங்க ரெண்டு பேரும்தான் வேகம். உங்க பேரைத்தான் குடுத்திருக்கேன். தனித்தனியா உக்கார வச்சு டெஸ்ட் வைப்பாங்க" என்றாள். தனித்தனியாகவா? பம்பரத்தைப் பார்த்தேன். அவள் மவுஸை விட்டுவிட்டு கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெஸ்டுக்கு முந்தின வகுப்பில் இடம் மாறி உட்கார்ந்தோம். அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல! திரையில் இருக்கும் அம்பை மேலே கொண்டுபோகச் சொன்னால் நான் மவுஸையே மேலே தூக்கினேன். "மேசையில வச்சுத் தள்ளுக்கா, தலைக்கு மேல ஏன் தூக்கறே?" என்று அவள் கத்தினாள். அவள் கதை அதைவிட மோசம். ஒரே விரலை நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடினாள்.

"இதை யாருக்கா இப்படிக் கலைச்சுப் போட்டது? வரிசையா வச்சிருந்தா என்ன குறைஞ்சா போயிடும்?"

"பாக்காம அடிக்கணும்டி. பாத்தா விரல் மறந்துடும்."

"என் விரலுக்கு மறக்கறதுக்கு என்ன தெரியும்?" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, நின்றுகொண்டே தட்ட ஆரம்பித்தாள். டீச்சர் ஓடி வந்து, "உக்காருங்கக்கா" என்றாள். "உக்காந்தா எழுத்தெல்லாம் எங்கேயோ போயிடுது டீச்சர்" என்றாள் இவள். மறுபடி ஒற்றை விரலால் தேட ஆரம்பித்தாள். அதற்குமேல் எனக்கும் கிண்டல் வரவில்லை.

டெஸ்டுக்கு இரண்டு பேரும் போனோம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர். ஒரு கத்தை பார்சல் சீட்டைக் கொடுத்து, அனுப்புகிறவர், பெறுகிறவர், எடை எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக ஏற்றச் சொன்னார்கள். முதலில் நான். மவுஸைத் தொடவே பயந்து, கட்டத்துக்குக் கட்டம் தாவுகிற பொத்தானை வைத்தே ஒப்பேற்றிவிட்டேன். வியர்த்து வழிந்தது, ஆனால் முடித்துவிட்டேன்.

அடுத்து அவள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அம்பு சர்ரென்று போய் சரியான கட்டத்தில் நின்றது. பிறகு ஒரு விரல் கீபோர்டுக்கு மேலே ஆகாயத்தில் சுற்றியது. ஒரு எழுத்து. மறுபடி தேடல். எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். மேற்பார்வை பார்த்த அம்மா கடிகாரத்தைப் பார்த்து, "நேரம் ஆயிடுச்சும்மா" என்றபோது கத்தையில் பாதிகூடக் குறையவில்லை.

"நீங்க வர்ற திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுங்க" என்றார் அந்த அம்மா என்னைப் பார்த்து. அவளிடம், "நீங்க இன்னும் கொஞ்சம் பழகிட்டு வாங்க" என்றார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்.

வெளியே வந்ததும் அவள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். எனக்கு மூச்சு வாங்கியது. "நில்லுடி" என்றேன். நிற்கவில்லை. ஒரு வழியாக எட்டிப் பிடித்து, "நான் வேணும்னா வேண்டாம்னு சொல்லிடறேன். அடுத்தது உன்னைத்தானே கூப்பிடணும்" என்றேன்.

சட்டென்று நின்றாள். "சொல்லித்தான் பாரேன், அப்புறம் உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன். எனக்கு வேலை வேணும்கா. உன் வேலை வேண்டாம்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே மறுபடி நடக்க ஆரம்பித்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வேண்டாம் என்று அவள் சொன்னதில் நெஞ்சுக்குள் நிம்மதியாகவும் இருந்தது. அந்த வேலை எனக்கு அவ்வளவு வேண்டியிருக்கிறது என்று அதுவரை எனக்கே தெரியாது.

அன்று சாயங்காலம் என் கொழுந்தன் என்றைக்கும் இல்லாமல் சீக்கிரம் வந்தார். பின்னாலேயே ஒரு வண்டிக்காரர் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கூடத்தில் இறக்கிவிட்டுப் போனார். "அண்ணி, உங்களுக்கு வேலை கிடைச்சுதாமே, ரொம்ப சந்தோஷம்" என்றார். பிறகு பெட்டியைப் பிரித்தார். உள்ளே நாற்காலி. சக்கரம் வைத்தது, முதுகுக்கு மெத்தை, இரண்டு பக்கமும் கை வைக்க இடம்.

"ஸ்டூல்னா இடுப்பு வலிக்கும். அதான் இதை வாங்கினேன். உக்காந்து பாரு, சரியா இல்லைன்னா மாத்திக்கலாம்" என்றார் அவளிடம்.

அவள் சுவரோரமாக நின்றாள். நான் அடுப்படிக்குப் போய்விடலாமா என்று பார்த்தேன், போகவில்லை.

"நான் வரலைங்க" என்றாள்.

"ஏன், நாற்காலி பிடிக்கலையா?"

"நாற்காலி நல்லாத்தான் இருக்கு. நீங்களும் நல்லவர்தான். ஆனா அந்த இடத்துல உக்காந்தா நான் செத்துடுவேன். பில் போட வேற ஆளைப் பாருங்க. நான் திரும்பவும் கிளாஸுக்குப் போறேன், இந்தத் தடவை தனி மெஷின்ல. எத்தனை தடவை ஆனாலும் சரி."

என் கொழுந்தன் நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் உருட்டினார்.

"எனக்கு மட்டும் எப்படி இருக்கும்னு நினைச்சே?" என்றார். "எங்கப்பா போனப்போ அந்தக் கடையில அடுத்த ஸ்டூல்ல உக்காந்தவன். படிச்சு முடிக்கல, ஒண்ணும் பாக்கல. நீ மீட்டர் எடுக்கப் போறப்போ நம்ம கடை வாசல் வழியா போவியே, அந்த நேரத்துக்குத்தான் நான் நிமிந்து பாப்பேன். யாருக்கும் தெரியாது. வேத்தாள்கிட்ட கடையை விட்டுட்டு நகர முடியல. நீ வந்து உக்காந்தா, நான் கொஞ்சம் எழுந்து வெளிய போயிட்டு வரலாமேன்னு பாத்தேன்."

நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவரைப் பார்க்கிறேன். அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. யாராவது அவரை விசாரித்திருந்தால்தானே பேசுவார்? அவர் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார் என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம்.

பம்பரம் அவர் கிட்டே போனாள். "நாளைக்குக் கடையைத் திறக்காதீங்க" என்றாள்.

"திறக்காம?"

"வெளிய போவோம்."

"எங்க?"

"எனக்கும் தெரியாது. வாங்க, நடப்போம்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் வீட்டு போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. கடைக்கு வழக்கமாக வரும் பிளம்பர் ஒருவர். குரலில் ஒரே பதற்றம். "என்னம்மா, கடை பூட்டியிருக்கே! வீட்டுல யாராவது தவறிட்டாங்களா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லைங்க. ரெண்டு பேரும் வெளிய போயிருக்காங்க."

"வெளியவா? எப்ப வருவார்?"

"சொல்லிட்டுப் போகலைங்க."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "என்னம்மா இது, அவர் எப்பவும் அங்கதானே உக்காந்திருப்பார்" என்றார், யாரோ அவரை ஏமாற்றிவிட்ட மாதிரி.

"ஆமாங்க. நாங்களும் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தோம்" என்றேன்.